காசும் கச்சையும்: அவார் புதைகுழிகளின் காலக் கணிப்பு

ஆண்டு குறிக்கப்படாத ஒரு பொருளின் காலத்தை எவ்வாறு கணிப்பது? மொழி வரலாறு பயில்வோர்க்கும் அகழாய்வாளர்க்கும் பொதுவான வினா இது. தம் வரலாற்றைத் தாமே எழுதிவைக்காத அவார் மக்களின் புதைகுழிகளைச் சான்றாகக் கொண்டு இவ்வினாவை நாம் ஆராய்வோம்.

அவார்கள் ஆசியப் புல்வெளிகளிலிருந்து மேற்கே வந்த குதிரை வீரர்கள். இன்று காக்கசஸ் மலைப்பகுதியில் வாழும் அவார் இனத்தார் வேறு, இவர்கள் வேறு. இவர்கள் 568ஆம் ஆண்டளவில், ககான் என்னும் பட்டம் தாங்கிய பாயனின் தலைமையில், இன்றைய அங்கேரியை நடுவாகக் கொண்ட கார்பேத்தியன் வடிநிலத்தில் குடியேறினர். 790களில் சார்லமேனின் படையெடுப்புகளால் இவர்தம் ஆட்சி வீழ்ந்தது. இடைப்பட்ட இரண்டு நூற்றாண்டுகளைப் பற்றி அயலார் எழுதியவை பெரும்பாலும் போரும் தூதும் திறையும் பற்றியனவே. அம்மக்களின் வாழ்வை மண்ணுள் கிடக்கும் பல்லாயிரம் புதைகுழிகளே உணர்த்துகின்றன.

முதற்சான்று காசு. அவார்களின் தாக்குதலைத் தவிர்க்கப் பைசாந்தியப் பேரரசு ஆண்டுதோறும் பொன் வழங்கிற்று. 570களில் 80,000 சொலிடஸ் காசுகளாக இருந்த அத்தொகை, அந்நூற்றாண்டின் இறுதியில் 120,000 ஆயிற்று. சொலிடஸ் என்பது ஏறத்தாழ நாலரைக் கிராம் எடையுள்ள பொற்காசு. அவற்றுட் சில இறந்தோருடன் புதைக்கப்பட்டன. காசில் பொறித்த உருவமே அதன் காலத்தைக் காட்டும். 610இல் முடிசூடிய ஹெராக்ளியஸ் தொடக்கக் காசுகளில் தனித்துத் தோன்றுகிறார். 613 முதல் ஒரு மகனோடும், 632 முதல் இரு மகன்களோடும் தோன்றுகிறார்.

ஆயினும், காசின் காலமே புதைகுழியின் காலம் ஆகாது. குனாகோட்டா என்னும் ஊரில் கிடைத்த அவார் புதைகுழி ஒன்றில் ஜஸ்டினியன் பேரரசரின் பொற்காசு இருந்தது. அவர் இறந்தது 565இல். அவார்கள் அந்நிலத்தில் குடியேறியதோ அதற்குப் பின்னர். காசின் காலத்தையே புதைகுழிக்கும் கொண்டால், தம் இனத்தார் வருமுன்னரே ஒருவர் அங்குப் புதைக்கப்பட்டார் என்னும் பொருந்தா முடிவே எஞ்சும். காசு பலர் கைமாறும். தலைமுறை தாண்டியும் பேணப்படும். எனவே அது, 'இப்புதைகுழி எனக்கு முற்பட்டதன்று' என்று மட்டுமே சான்று பகரும்.

அச்சான்றும் நெடுங்காலம் நீடிக்கவில்லை. 626இல் கான்ஸ்டான்டிநோபிள் முற்றுகை தோல்வியுற்றபின் திறை நின்றது, காசுகள் அருகின. ஓசோரா என்னுமிடத்தில் கிடைத்த நான்காம் கான்ஸ்டன்டைனின் (668–685) காசு இவ்வரிசையின் இறுதிக் காசுகளுள் ஒன்று. எஞ்சிய நூறாண்டுக்கும் மேற்பட்ட காலத்திற்கு வேறு சான்று வேண்டும்.

அச்சான்று இடைக்கச்சை. அவார் வீரனின் தோற்கச்சையில் உலோக வில்லைகள் பதிக்கப்பட்டிருந்தன. முற்காலத்து வில்லைகள் மெல்லிய தகட்டை அச்சின்மேல் வைத்து அழுத்திச் செய்யப்பட்டவை. குன்சென்ட்மார்டோனில் புதைக்கப்பட்ட பொற்கொல்லர் ஒருவரின் குழியில் அத்தகைய அச்சுகளே கிடைத்துள்ளன. பிற்கால வில்லைகள் வெண்கல வார்ப்புகள். அவற்றில் கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட கிரிஃபின் என்னும் கற்பனை விலங்கும் கொடிச் சுருள்களும் காணப்படும். இலோனா கோவ்ரிக் எழுநூற்றுக்கும் மேற்பட்ட புதைகுழிகளைக் கொண்ட அலத்தியான் இடுகாட்டை ஆராய்ந்து, 1963இல் வெளியிட்ட நூலில் அணிகளை மூன்று கட்டங்களாக வகுத்தார். அணிகளின் பாணி முன்பின் வரிசையைத் தரும், ஆண்டைத் தராது. காசு கிடைத்த குழிகளை அவ்வரிசையில் பொருத்தும்போதே ஆண்டு புலனாகும்.

இக்கணிப்பில் சில பத்தாண்டுகள் பிறழ்ந்தால் என்ன கேடு? 1978இல் டியூலா லாஸ்லோ, அங்கேரியர் 895ஆம் ஆண்டளவில் மட்டுமன்றி, அதற்கு முன்னர் 670களிலும் அந்நிலத்தில் குடியேறினர் என்னும் தம் கொள்கையை நூலாக வெளியிட்டார். கிரிஃபின் அணிகளைப் புதிதாக வந்த மக்களின் அடையாளமாக அவர் கொண்டார். ஆனால் ஓசோராக் காசோடு புதைந்த அணிகள் இன்னும் தகட்டு வேலைப்பாடாகவே உள்ளன. கிரிஃபின் வார்ப்புகள் 700ஆம் ஆண்டையொட்டியே தோன்றின என இன்று ஆய்வாளர் பலர் கருதுவர். அவ்வாறாயின், 670களில் வந்தோர் அவற்றைத் தம்முடன் கொணர்ந்தனர் என்பது நிலைபெறாது. ஒரு நாட்டின் தொடக்க வரலாறே கச்சை வில்லையின் காலத்தைச் சார்ந்து நிற்பதை இங்குக் காண்கிறோம்.

பாணி மாறியதனால் மக்களும் மாறினர் எனக் கொள்வதும் பிழைக்கு இடமளிக்கும். பாண்டிய நாட்டில் சோழர் ஆட்சி பரவியபின் வட்டெழுத்து மறையத் தொடங்கித் தமிழெழுத்து வழக்கிற்கு வந்தது. எழுதிய மொழியும் வாழ்ந்த மக்களும் மாறவில்லை. எழுத்தின் வடிவமும் வரிசையைத்தான் தருகிறது. ஆட்சியாண்டு பொறித்த கல்வெட்டே அவ்வரிசைக்கு ஆண்டைத் தருகிறது.

ஆகவே, ஒரு தொல்பொருளின் காலம் கூறப்படும்போதெல்லாம் மாணவர் மூன்று வினாக்களை எழுப்புதல் நன்று. சான்று தருவது வரிசையையா, ஆண்டையா? ஆண்டெனில், அது மேல் எல்லையா, கீழ் எல்லையா? காலம் கணித்தபின் அதன்மேல் ஏற்றப்படும் இனம் பற்றிய முடிவுக்குத் தனிச்சான்று உண்டா? இம்மூன்றுக்கும் விடை கண்ட பின்னரே வரலாறு எழுதத் தொடங்குதல் தகும்.