அஞ்சறைப் பெட்டியைக் கொஞ்சம் கவனியுங்கள்!

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையைப் புரட்டிப் போட்டதே, அப்போது எங்கள் வீட்டில் என் பெண் ஏழு மாத கர்ப்பிணி. வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்கு அழைத்து வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. மூன்று நாள் கரண்ட் இல்லை. வீடு முழுக்க ஈரக் காற்று. மழை விட்டதும் சாம்பார்ப் பொடி தீர்ந்துபோனது தெரிந்து, மிளகாய் வத்தல் டின்னைத் திறந்தேன். பக்கத்தில் நின்ற என் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அம்மா, பழைய துணி வாசம் வருதும்மா!" என்றாள்.

மாசமாக இருப்பவளுக்கு எல்லாமே வாசனைதான் என்று நான் சிரித்தேன். ஆனால் ஒரு வத்தலைக் கிள்ளிப் பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. வெளியே சிவப்பாகத்தான் இருந்தது. உள்ளேயோ விதை கறுத்து, சாம்பல் நிறத்தில் பஞ்சு பஞ்சாகப் பூஞ்சாணம். இன்னொன்று, இன்னொன்று என்று கிள்ளினேன். டின்னின் பாதிக்குமேல் அப்படித்தான். பங்குனியில் வருஷ சாமானோடு வாங்கிய ஐந்து கிலோவில் அதுதான் மிச்சம்.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்குக் கொட்ட மனசு வரவில்லை. 'வெயில் வந்ததும் இரண்டு நாள் நன்றாகக் காய வைத்து, வறுத்து அரைத்துவிட்டால் தெரியவா போகிறது?' என்றுதான் நினைத்தேன். நல்லவேளையாக எதிர் வீட்டு அக்கா வந்தார். நர்ஸாக இருந்து ரிடையர் ஆனவர். "காய வச்சா பூஞ்சாணம்தான் சாகும். அது விட்டுட்டுப் போன விஷம் சாகாது. வறுத்தாலும் போகாது. வயித்துப் பிள்ளைக்காரி சாப்பிடற வீடு, யோசிக்கவே யோசிக்காதீங்க" என்றார்.

அந்த விஷத்துக்கு அஃப்ளடாக்சின் என்று பெயர். மிளகாய், நிலக்கடலை, மக்காச்சோளம் போன்றவற்றில் ஈரம் பட்டால் வளரும் ஒரு வகைப் பூஞ்சாணம் இதை உண்டாக்குகிறது. கல்லீரலைக் கெடுக்கக்கூடியது. நம் அடுப்புச் சூட்டுக்கெல்லாம் இது அழியாது.

என் மாமியார் திட்டுவார் என்று பயந்துகொண்டே போய்ச் சொன்னேன். விருதுநகர்ப் பக்கத்தில் வருஷம் பூராவுக்கும் வத்தல், மல்லி, புளி என்று பானை பானையாக வைத்துக் குடித்தனம் செய்தவர் அவர். ஒரு வத்தல்கூட வீணாக்கியதில்லை. ஆனால் அவர் சொன்னது: "கொட்டிரு தாயி. நம்ம ஊரு வெயில் வேற, இந்த ஊரு காத்து வேற. அங்க வச்ச மாதிரி இங்க வச்சா எப்பிடி நிக்கும்?"

அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்குப் புத்தி வந்தது. கரிசல் காட்டு வெயிலில் மொட்டை மாடியில் ஒரு வாரம் காய்ந்த வத்தல் வேறு. கடலோரப் பட்டணத்து ஃபிளாட்டில் பால்கனியில் ஒரே ஒரு நாள் காய்ந்த வத்தல் வேறு. அன்றிலிருந்து மளிகை வாங்குவது, வைப்பது, எடுப்பது எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டேன். அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

எவ்வளவு வாங்குவது?

வருஷ சாமான் வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. தை முதல் பங்குனி வரை புது மஞ்சள், புது மல்லி, புது வத்தல் எல்லாம் சந்தைக்கு வருகிறது. சரக்கும் நன்றாக இருக்கும், விலையும் சற்று இறங்கும். நல்ல வெயிலும், காய வைக்க இடமும் இருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். அது இல்லாதவர்கள், முக்கியமாகக் கடலோர ஊர்க்காரர்கள், மூன்று மாதத்துக்குமேல் வாங்க வேண்டாம். அதையும் மழைக்காலத்துக்குமுன் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட வேண்டும்.

முழுசாக இருக்கும் சரக்கு நாள் தாங்கும், பொடி தாங்காது. மிளகுக்கும் சீரகத்துக்கும் மணம் தருவது அதனுள் இருக்கும் எண்ணெய். பொடித்த நிமிஷத்திலிருந்து அது காற்றோடு போகத் தொடங்கிவிடும். எங்கள் வீட்டுக் கணக்கு இது: முழுச் சரக்கு ஒரு வருஷம், மில்லில் அரைத்த பொடி இரண்டு மூன்று மாதம், வீட்டு மிக்ஸியில் அரைக்கும் கரம் மசாலா பதினைந்து நாள். தேதி தெரியாத பொடியா? உள்ளங்கையில் ஒரு சிட்டிகை தேய்த்து முகர்ந்து பாருங்கள். மணமே இல்லையென்றால், அதைப் போட்டும் ஒன்றுதான், போடாமல் இருந்தும் ஒன்றுதான்.

கடையில் நிற்கும்போது...

* மிளகாய் வத்தல்: ஒன்றை ஒடித்துப் பாருங்கள். 'படக்'கென்று ஒடிய வேண்டும். குலுக்கினால் விதை சலசலக்க வேண்டும். வளைந்து கொடுத்தால் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். எடை கூட்டத் தண்ணீர் தெளிப்பவர்களும் உண்டு. உள்ளே விதை பொன் நிறமாக இருக்கட்டும். காம்போடு வாங்கி, காம்போடு வையுங்கள். அரைக்கும்போதுதான் கிள்ள வேண்டும். காம்பு போன ஓட்டை வழியாகத்தான் ஈரமும் பூச்சியும் நுழையும். காரத்துக்கும் மணத்துக்கும் குண்டு வத்தல். (ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.) நிறத்துக்குக் கொஞ்சம் காஷ்மீரி அல்லது கர்நாடகத்துப் பேடகி சேர்த்தால் போதும், சாயப் பொடி தேவையே இல்லை.

* மல்லி விதை: லேசான பச்சை கலந்த மஞ்சளாக, முழுசாக இருக்க வேண்டும். உடைந்த விதையும் தூசியும் அதிகம் இருந்தால் வண்டு சீக்கிரம் வரும்.

* மஞ்சள்: சமையல் பொடிக்கு விரலி மஞ்சள். உடைத்தால் உள்ளே ஆரஞ்சு நிறம் தெரிய வேண்டும். வெளித்தோல் மங்கலாக இருப்பதுதான் இயல்பு. தோலே பளீரென்று மஞ்சளாக மின்னி, தொட்டதும் கையில் ஒட்டினால் வாங்காதீர்கள். 2019-இல் வங்கதேசத்தில் ஆராய்ந்தவர்கள், பளபளப்புக்காகக் கிழங்கின் மேல் லெட் குரோமேட் என்ற ஈயச் சாயம் பூசப்படுவதைக் கண்டுபிடித்தார்கள். ஈயம் சின்னக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியது. குழந்தைக்குப் பருப்புச் சாதத்தில் தினமும் மஞ்சள் சேர்க்கும் இளம் தாய்மார்கள் இதில் கண்டிப்பாக இருங்கள்.

* ஏலக்காய்: அழுத்தினால் பொக்கென்று இருக்கக் கூடாது. உள்ளே விதை கறுப்பாக, சற்றே பிசுபிசுப்பாக இருந்தால் புதுசு. ஈரக் கையில் தேய்த்துப் பச்சை ஒட்டினால் சாயம்.

* கிராம்பு: நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசிய வேண்டும். எண்ணெய் எடுத்த சக்கை சுருங்கிக் கிடக்கும்.

* பட்டை: நிஜமான லவங்கப்பட்டை காகிதம் போல் மெல்லிய ஏடுகளாகச் சுருண்டு, கையால் நொறுக்கினால் நொறுங்கும். தடித்து, கட்டை போல் இருப்பது கேசியா என்ற வேறு மரத்துப் பட்டை. பிரியாணிக்கு அதுவும் பரவாயில்லை. ஆனால் லவங்கப்பட்டை விலை கொடுத்துவிட்டு அதை வாங்காதீர்கள்.

* பெருங்காயம்: நாம் வாங்குவது பெரும்பாலும் மாவும் கோந்தும் சேர்த்த கூட்டுப் பெருங்காயம்தான். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் வீட்டில் இருந்தால், டப்பாவில் என்ன மாவு என்று படித்துப் பார்த்து வாங்குங்கள். நமக்கு வேண்டிய பெருங்காயப் பால் காலங்காலமாக ஆப்கானிஸ்தானிலிருந்தும் ஈரானிலிருந்தும்தான் வருகிறது. 2020 அக்டோபரில்தான் இமாசலப் பிரதேசத்து லாஹௌல் பள்ளத்தாக்கில் இந்தச் செடியை நட்டுப் பார்க்கத் தொடங்கினார்கள்.

பாக்கெட்டில் வாங்கினால், விளம்பரத்தில் யார் வருகிறார் என்று பார்க்காமல், பாக் செய்த தேதி, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் (14 இலக்கம்), அக்மார்க் முத்திரை ஆகியவற்றைப் பாருங்கள்.

ஒரு டம்ளர் தண்ணீரில் சோதனை

இதற்கு லேபரட்டரி வேண்டாம், ஒரு கண்ணாடி டம்ளர் போதும்.

மஞ்சள் தூளை ஒரு ஸ்பூன் தண்ணீரில் போட்டு, கலக்காமல் விடுங்கள். நல்ல தூள் அடியில் தங்கி, தண்ணீர் இளமஞ்சளாக இருக்கும். தண்ணீர் அடர்ந்த மஞ்சளாக மாறினால் சந்தேகப்படுங்கள். மிளகாய்த் தூளைத் தண்ணீரின் மேல் தூவுங்கள். சிவப்புக் கோடு கோடாக இறங்கினால் சாயம். அடியில் தங்கியதை விரலால் தேய்த்து நறநறவென்றிருந்தால் செங்கல் தூளோ மணலோ இருக்கலாம். மிளகைப் போட்டால் நல்லது மூழ்கும். பப்பாளி விதை மிதக்கும். சீரகத்தை உள்ளங்கையில் தேய்த்துக் கை கறுத்தால் அது கரி பூசிய புல் விதை.

கடுகில் மட்டும் கண்ணை நன்றாகத் திறந்து பாருங்கள். பிரமதண்டு விதை கடுகைப் போலவே இருக்கும். கடுகின் தோல் வழுவழுப்பு, நசுக்கினால் உள்ளே மஞ்சள். பிரமதண்டு விதை சொரசொரப்பு, உள்ளே வெள்ளை. 1998-இல் டில்லியில் பிரமதண்டு எண்ணெய் கலந்த கடுகெண்ணெயைச் சாப்பிட்டுக் கை கால் வீங்கிப் பலர் இறந்துபோனார்கள்.

இந்தச் சோதனைகளில் எல்லாக் கலப்படமும் பிடிபட்டுவிடாது. ஆனாலும் சந்தேகம் வந்த கடைக்கு மறுபடி போகாமல் இருக்கலாம் அல்லவா?

காய வைப்பதும் அரைப்பதும்

ஃபிளாட்டில் இருப்பவர்கள் வத்தலையும் மல்லியையும் ஒரே நாளில் காய வைத்து முடிக்கப் பார்க்காதீர்கள். காலை பத்து முதல் மூன்று மணி வரை, மேலே மெல்லிய வெள்ளைத் துணி போர்த்தி, மூன்று நான்கு நாள் வையுங்கள். சாயங்காலப் பனிக்காற்று படுமுன் உள்ளே கொண்டு வந்துவிட வேண்டும். சூட்டோடு டப்பாவில் கொட்டி மூடாதீர்கள். மூடியில் வியர்த்து, அந்தத் தண்ணீரே திரும்ப வத்தலில் சொட்டும். என் டின்னில் நடந்ததும் அதுதான் என்று நினைக்கிறேன்.

மில்லில் அரைத்து வந்த பொடியும் கொதிக்கக் கொதிக்க இருக்கும். சுத்தமான துணியில் பரப்பி, நன்றாக ஆறின பிறகு சலித்து அடையுங்கள். உங்களுக்குமுன் யாராவது வேறு ஏதாவது அரைத்திருந்தால், முதலில் விழும் ஒரு பிடியைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.

எங்கே, எதில் வைப்பது?

நம்மில் பலர் செய்யும் தவறு, ஸ்டவ்வுக்கு நேர் மேலே இருக்கும் அலமாரியில் மசாலா டப்பாக்களை அடுக்குவது. கைக்கு வசதிதான். ஆனால் சூடு, ஆவி, வெளிச்சம் மூன்றும் அங்கேதான் அதிகம். சூட்டில் மணம் போகும். ஆவியில் பொடி கட்டி தட்டும். வெளிச்சத்தில் மிளகாய்த் தூளும் மஞ்சள் தூளும் வெளுக்கும். ஸ்டவ்விலிருந்து இரண்டு முழம் தள்ளி, கதவுள்ள அலமாரியில் வையுங்கள்.

எவர்சில்வர் டப்பா, இறுக்கமான மூடி போட்ட கண்ணாடி பாட்டில் இரண்டும் நல்லது. கிராம்பு, ஏலக்காய், பெருங்காயத்தைப் பிளாஸ்டிக்கில் வைத்தால் அந்த வாசனை டப்பாவை விட்டுப் போகவே போகாது. கசகசா, எள் போன்றவற்றில் எண்ணெய் அதிகம், சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். அவற்றை ஃபிரிட்ஜில் வைக்கலாம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டிலை, குளிர் விட்ட பிறகே திறக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும்.

புதிதாக வாங்கிய மல்லியை நாலைந்து நாள் ஃபிரீசரில் வைத்து எடுத்தால் வண்டும் அதன் முட்டையும் செத்துவிடும். மிளகாய்த் தூளில் ஒரு துண்டு கட்டிப் பெருங்காயம் போட்டு வைப்பது என் மாமியார் வழக்கம்.

அஞ்சறைப் பெட்டி

பெயர்தான் அஞ்சறை, இன்று கடையில் வாங்கினால் ஏழு கிண்ணம்! கடுகு, உளுத்தம்பருப்பு, சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள் தூள், கிள்ளிய வத்தல் என்று தினமும் எடுப்பவை மட்டும் அதில் இருக்கட்டும். பெருங்காயமும் பட்டை கிராம்பும் அதில் வேண்டாம், மற்றதெல்லாம் அந்த மணமாகிவிடும்.

முக்கியமான விஷயம்: பத்து நாளைக்கு ஆவதை மட்டும் நிரப்புங்கள். தீர்ந்ததும் மேலேயே கொட்டாமல், கிண்ணத்தைக் கழுவி, துடைத்து, காய வைத்துப் பிறகு நிரப்புங்கள். எங்கள் வீட்டில் இதற்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறேன். ஈர ஸ்பூன் கூடவே கூடாது. கொதிக்கும் குழம்புக்கு மேலே டப்பாவைப் பிடித்துக் கொட்டும் பழக்கமும் வேண்டாம். ஸ்பூனில் எடுத்துப் போடுங்கள்.

ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு பிளாஸ்திரித் துண்டு ஒட்டி, வாங்கிய மாதத்தை எழுதி வையுங்கள். பழசு முன்னால், புதுசு பின்னால். 'பேர் எழுதவேண்டுமா, எனக்குத் தெரியாதா?' என்று கேட்காதீர்கள். உங்களுக்குக் காய்ச்சல் வந்து படுத்தால், வீட்டுக்காரர் வெந்தயத்தையும் சோம்பையும் தேடி உங்களையே அல்லவா எழுப்புவார்!

பச்சைச் சாமான்கள்

மல்லித்தழை, புதினாவின் வேரை நறுக்கி, கழுவாமல், பருத்தித் துணியில் சுற்றி டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் வாடாது. சமைக்கும்போது கழுவினால் போதும். கறிவேப்பிலையைக் கழுவி, நிழலில் ஈரம் போக உலர்த்தி உருவி வைத்துக்கொள்ளலாம். மிஞ்சிப்போனால் வறுத்துப் பருப்போடு பொடித்துவிடுங்கள். பிள்ளை பெற்றவளுக்குச் சூடான சாதத்தில் நெய் விட்டுப் பிசைந்து கொடுக்க அதைவிட நல்லது எது?

என் பெண்ணுக்கு மாசியில் சுகப் பிரசவம், ஆண் குழந்தை. பத்தியச் சமையலுக்கு மிளகும் சீரகமும் நானே பார்த்து வாங்கி, காய வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பொடித்துத்தான் போட்டேன். அவள் ஊருக்குக் கிளம்பும்போது சாம்பார்ப் பொடி கேட்டாள். முன்பெல்லாம் ஆறு மாதத்துக்கு இரண்டு கிலோவாகக் கட்டிக் கொடுத்திருப்பேன். இந்தத் தடவை அரைக் கிலோ மட்டும் கொடுத்தேன். முகம் வாடிவிட்டது. "தீர்ந்ததும் சொல்லு, புதுசா அரைச்சு அனுப்பறேன்" என்றேன்.

இப்போது மாதா மாதம் அரைக் கிலோ பார்சல் போகிறது. நீங்களும் இன்று சமையல் முடிந்ததும் உங்கள் வீட்டு வத்தல் டப்பாவைத் திறந்து, அடியிலிருந்து நாலு வத்தலைக் கிள்ளிப் பார்த்துவிடுங்களேன்.