டிக்கெட் கையில், கச்சேரி கேட்டுக்கு உள்ளே

உத்திரமேரூர் பக்கத்திலிருந்து பாட்டுக் கச்சேரிக்குப் போய் ஏமாந்து திரும்புகிற பிள்ளைகள் செய்யும் முதல் காரியம், டிக்கெட் வந்த மெயிலை அழிப்பது. வெறுப்பில் அழிக்கிறார்கள். அடுத்தது, பாடகரைத் திட்டி ஸ்டேட்டஸ் போடுவது. அதற்குப் பிறகு ஒன்றும் செய்வதில்லை. ஆறு மாதம் கழித்து வந்து, "அண்ணா, அந்தக் காசு திரும்ப வருமா?" என்று கேட்பார்கள். வரும் தம்பி, அந்த மெயில் இருந்தால்.

2023 செப்டம்பர் 10 ஞாயிற்றுக்கிழமை கிழக்குக் கடற்கரைச் சாலைப் பனையூரில் ஏ.ஆர்.ரஹ்மானின் ‘மறக்குமா நெஞ்சம்’ கச்சேரி நடந்தது. ஆகஸ்ட் 12-ல் நடந்திருக்க வேண்டியது, மழையால் தள்ளிப்போனது. பணம் கட்டி டிக்கெட் வாங்கியவர்கள் உள்ளே நுழையவே முடியாமல் திரும்பினார்கள். கூட்டத்தில் பிள்ளைகள் பெற்றோரைத் தவறவிட்டார்கள். பெண்கள் சீண்டலுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். சாலை முழுக்க வண்டிகள் நின்றுபோயின. ஏற்பாடு செய்த ஏசிடிசி நிறுவனம் பொறுப்பேற்று மன்னிப்புக் கேட்டது. தாம்பரம் காவல் ஆணையரகம் விசாரித்தது. உள்ளே வர முடியாதவர்கள் டிக்கெட் நகலையும் குறையையும் மெயிலில் அனுப்பச் சொல்லி ரஹ்மானே அறிவித்தார். கவனியுங்கள், அவர் கேட்டதும் டிக்கெட் நகலைத்தான். கூட்டத்தில் பட்ட கஷ்டத்தை அழகாக எழுதிப் பதிவு போட்டவர்களிடம் அது இருந்ததா என்பதுதான் கேள்வி.

ராக் இசை கேட்கிற பிள்ளைகள் இப்போது நம் ஊரிலும் இருக்கிறார்கள். 2025 ஜனவரியில் கோல்ட்ப்ளே மும்பைக்கும் அகமதாபாத்துக்கும் வந்தது. மார்ச்சில் மும்பை மகாலட்சுமி ரேஸ்கோர்ஸில் நடந்த லொல்லாபலூசா விழாவில் கிரீன் டே வாசித்தது. சேர்த்துவைத்த சம்பளம் அப்படியே டிக்கெட்டுக்கும் ரயிலுக்கும் லாட்ஜுக்கும் போகிறது. அவ்வளவு செலவு செய்கிறவர்கள் டிக்கெட்டின் அடியில் இருக்கும் நிபந்தனைகளை ஒரு தரம் படிப்பதில்லை. யார் சபை உறுப்பினராகலாம், யார் ஆகக்கூடாது என்று ஆயிரம் வருஷத்துக்கு முன்பே கல்லில் விவரமாக வெட்டிவைத்த ஊர்க்காரர்கள் நாம்!

வாங்கும்போதே ஏமாறுவது போலி டிக்கெட்டில். கோல்ட்ப்ளே டிக்கெட் விற்றுத் தீர்ந்ததும் டெலிகிராமிலும் இன்ஸ்டாகிராமிலும் "அவசரமாக ஊருக்குப் போகிறேன், இரண்டு டிக்கெட் இருக்கிறது" என்று விளம்பரங்கள் வரத்தொடங்கின. ஒரே கியூஆர் கோடைப் பத்துப் பேருக்கு விற்கலாம். கேட்டில் முதலில் ஸ்கேன் செய்தவர் உள்ளே போவார், மற்ற ஒன்பது பேருக்குச் சிவப்பு விளக்குதான். சொந்த டிக்கெட்டையே சந்தோஷத்தில் கோடு தெரிய ஸ்டேட்டஸில் வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வைக்காதீர்கள். பார்க்கிறவர்களில் ஒருவர் அதைப் படமெடுத்துக்கொண்டால் போதும்.

பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். மறுநாள் இல்லை, வீட்டில் சொல்லிவிட்டு இல்லை, அந்த நிமிடமே. பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்திவைக்கும் வாய்ப்பு அப்போதுதான் இருக்கிறது. பரிவர்த்தனை எண், உங்கள் வங்கியின் பெயர், பணம் போன யுபிஐ முகவரி மூன்றும் கையில் இருக்கட்டும். அவர்கள் தரும் ஒப்புகை எண்ணைக் குறித்துக்கொண்டு சைபர் கிரைம் இணையதளத்தில் புகாரை முழுமையாகப் பதிவு செய்யுங்கள். நீங்களாகவே பின் நம்பர் போட்டு அனுப்பிய பணத்துக்கு வங்கி பொறுப்பேற்காது, அங்கே போய்ச் சண்டை போடுவதில் பயனில்லை. கும்பலாகச் சேர்ந்து கள்ளத்தனமாக டிக்கெட் விற்பதைப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 112-வது பிரிவு தனியாகப் பெயர் சொல்லியே குற்றமாக்கியிருக்கிறது, ஏழு வருஷம் வரை சிறை உண்டு. காவல் நிலையத்தில் "இதெல்லாம் சின்ன விஷயம்பா" என்றால் அந்தப் பிரிவைச் சொல்லுங்கள்.

கச்சேரியன்று உயிரைப் பார்த்துக்கொள்வது முதல் வேலை. 2023 நவம்பர் 25-ல் கொச்சி பல்கலைக்கழக விழாவில் பாட்டுக் கேட்க வந்த இடத்தில் நான்கு பேர் இறந்தார்கள். 2025 ஜூன் 4-ல் பெங்களூரு சின்னசாமி மைதான வாசலில், கிரிக்கெட் வெற்றிக் கொண்டாட்டத்துக்கு வந்த 11 பேர். 2021-ல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஆஸ்ட்ரோவேர்ல்ட் விழாவில் பத்துப் பேர். மிதிபட்டுச் சாகிறார்கள் என்று நினைக்கிறோம். ஹூஸ்டனில் இறந்தவர்கள் நெஞ்சு அமுங்கி மூச்சு முட்டித்தான் இறந்தார்கள். நாலாபுறமும் உடம்புகள் அழுத்தும்போது நின்றபடியே மூச்சு போகும். அதனால் தோளோடு தோள் இடிக்கத் தொடங்கியதுமே வெளியே வந்துவிடுங்கள், கையைத் தூக்க முடியாத நிலை வரும்வரை காத்திருக்காதீர்கள். மாட்டிக்கொண்டால் இரண்டு கைகளையும் குத்துச்சண்டைக்காரரைப் போல நெஞ்சுக்கு முன்னால் வைத்து மூச்சுக்கு இடம் வையுங்கள். கூட்டத்தை எதிர்த்துத் தள்ளாமல், அலை ஓய்கிற இடைவெளியில் குறுக்காகப் பக்கவாட்டுக்கு நகருங்கள். மேடைக்கு முன்னால் இருக்கும் தடுப்புக் கம்பி ஆசை காட்டும் இடம், ஆனால் பின்னால் போக வழியில்லாத இடமும் அதுதான். கடைசிப் பாட்டைத் தியாகம் செய்யச் சொன்னால் திட்டுவீர்கள். செங்கல்பட்டிலிருந்து ஊருக்குக் கடைசி பஸ்ஸை விட்டவர்கள் திட்ட மாட்டார்கள்.

இனி, கேட்டிலேயே திருப்பி அனுப்பினால் என்ன செய்வது? கோபம் ஆறும்வரை அங்கேயே நின்று சாட்சி சேர்ப்பது. மூடிய கேட், வரிசை, உங்கள் கையில் டிக்கெட் மூன்றும் ஒரே வீடியோவில் தெரிய எடுங்கள். அதே இடத்தில் நின்றபடி, டிக்கெட் விற்ற தளத்துக்கும் அமைப்பாளருக்கும் மெயில் அனுப்புங்கள்: "இன்ன நேரம், இன்ன கேட், டிக்கெட் எண் இது, உள்ளே விடவில்லை." நான்கு வரி போதும். மெயிலில் பதியும் நேரத்தை நாளைக்கு யாரும் மறுக்க முடியாது. பக்கத்தில் நின்ற இரண்டு பேரின் தொலைபேசி எண்ணை வாங்கிவையுங்கள். பஸ், ரயில், லாட்ஜ் ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள். டிக்கெட் காசு மட்டும் உங்கள் நஷ்டம் இல்லையே.

"அதிலேயே நோ ரீஃபண்ட்னு போட்டிருக்கே சார்" என்பார்கள். நீங்களாக மனம் மாறிப் போகாமல் இருந்தால் அந்த வரி செல்லலாம். அவர்கள் உள்ளே விடாதது சேவைக் குறைபாடு. குறைபாடான சேவைக்கு வாங்கிய பணத்தை, ரசீதில் சொன்ன கெடுவுக்குள், கெடு சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திருப்பித் தர மறுப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை என்று 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. இணையத்தில் டிக்கெட் விற்கும் தளம் ஒவ்வொன்றும் குறைதீர் அலுவலர் ஒருவரை வைத்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்திலேயே காட்டியாக வேண்டும். புகார் கிடைத்த 48 மணி நேரத்தில் ஒப்புகை, ஒரு மாதத்துக்குள் தீர்வு, இது 2020 மின்வணிக விதி. ஆகவே கஸ்டமர் கேர் சாட்டில் பொம்மையோடு பேசிப் பொழுதைப் போக்காமல், குறைதீர் அலுவலருக்கே எழுதுங்கள்.

ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம். அங்கிருந்து புகார் நிறுவனத்துக்குப் போகும், சிலருக்கு இந்தக் கட்டத்திலேயே பணம் வந்துவிடும். ஆனால் உத்தரவு போடும் அதிகாரம் அதற்கு இல்லை. அது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திடம்தான் உண்டு.

இங்கேதான் நம் ஆட்கள் வழி தவறுகிறார்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்துவிட்டு வருகிறார்கள். அந்த மனு கலெக்டர் ஆபீஸிலிருந்து தாலுகாவுக்கும் தாலுகாவிலிருந்து இன்னொரு மேசைக்கும் போய், "தங்கள் மனு உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்ற வரியோடு முடியும். இது எங்கள் வேலை இல்லை, நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள் என்று முதல் நாளே வாயைத் திறந்து சொன்னால் என்ன குறைந்துபோகும் இந்த அலுவலர்களுக்கு? நூற்றுக்கணக்கானவர்கள் சேர்ந்து ஏமாற்றப்பட்டிருந்தால் கதை வேறு. நுகர்வோர் கூட்டமாகப் பாதிக்கப்படும்போது விசாரித்து அறிக்கை அனுப்பச் சட்டத்தின் 16-வது பிரிவு கலெக்டருக்கு அதிகாரம் தருகிறது. அப்போது மனுவில் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அப்போதும் உங்கள் சொந்தக் காசுக்கு ஆணையம்தான்.

கச்சேரி எந்த ஊரில் நடந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். மும்பையில் நடந்ததற்கு மும்பைக்கு ஓட வேண்டாம். கட்டிய தொகை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. 2025 ஜனவரி முதல் ஈ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம், விசாரணையைக் காணொலியில் நடத்தும்படியும் கேட்கலாம்.

மனு தள்ளுபடியாவதும் இழுபடுவதும் பெரும்பாலும் முகவரியில். "அமைப்பாளர், சென்னை" என்று எழுதினால் நோட்டீஸ் யாருக்குப் போகும்? டிக்கெட் ரசீதில் இருக்கும் ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் தேடினால் நிறுவனத்தின் சட்டப்பூர்வப் பெயரும் முகவரியும் வரும். அமைப்பாளரையும் டிக்கெட் தளத்தையும் எதிர்த்தரப்பில் சேருங்கள். பாடகரைச் சேர்க்காதீர்கள், உங்களிடம் காசு வாங்கியவர் அவரில்லை. முதலில் 15 நாள் கெடு கொடுத்து நோட்டீஸ் அனுப்புங்கள். தபால் நிலையத்தில் போய் ரிஜிஸ்டர் தபால் என்று கேட்டால் இப்போது கிடையாது, 2025-ல் அது ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, டெலிவரி ஆனதற்கான சான்றை அச்செடுத்து வையுங்கள்.

மனுவில் நடந்ததை நாள், நேரத்தோடு வரிசையாக எழுதுங்கள். ரஹ்மான் மீது உங்களுக்கு எத்தனை வருஷப் பாசம் என்பது வேண்டாம். டிக்கெட், பணம் போன வங்கிக் கணக்குத் தாள், மெயில்கள், நோட்டீஸ், பயண ரசீதுகள், வீடியோ எல்லாவற்றுக்கும் எண் போட்டு இணையுங்கள். ஸ்கிரீன்ஷாட்டும் வீடியோவும் மின்னணுச் சான்று, ஆகவே பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழையும் வைத்துவிடுங்கள், எதிர்த்தரப்பு வக்கீலுக்கு ஒரு வேலை குறையும். கடைசியில் உறுதிமொழிப் பத்திரம். கேட்கும் நிவாரணத்தைப் பிரித்துச் சொல்லுங்கள்: டிக்கெட் தொகை, பயணச் செலவு, மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் வருமானக் கணக்கு இல்லாமலே இலவசச் சட்ட உதவி பெறலாம், எண் 15100.

கூட்டத்தில் யாராவது கை வைத்திருந்தால் அது நுகர்வோர் வழக்கு இல்லை, குற்றம். எல்லை எங்களுடையது இல்லை என்று எந்தக் காவல் நிலையமும் திருப்பி அனுப்பக்கூடாது. ஊருக்கு வந்தபின் உத்திரமேரூர் காவல் நிலையத்திலேயே புகார் தரலாம், அவர்கள் பூஜ்ய எஃப்ஐஆர் போட்டு உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். நகல் இலவசம். மறுத்தால் எஸ்பிக்கு எழுத்தில் அனுப்புங்கள். பெண்கள் உதவி எண் 181-லும் உதவி கேட்கலாம். வெறும் சிஎஸ்ஆர் ரசீதோடு திரும்பி வராதீர்கள்.

நுகர்வோர் வழக்குக்கு இரண்டு வருஷம்தான் கெடு. நஷ்டம் நேர்ந்த நாளிலிருந்து இரண்டு வருஷம். பனையூர்க் கச்சேரிக்கு அது 2025 செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது. தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் மன்னிக்கக் கேட்டுத் தனி மனு போடலாம், வேலை இருந்தது என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வராது. மறுபடி சொல்கிறேன், இரண்டு வருஷம்.

நோட்டீஸ் போன சில நாளில் அமைப்பாளர் தரப்பிலிருந்து ஒரு தம்பி நைசாகப் பேசுவார். அடுத்த கச்சேரிக்கு ஃப்ரீ பாஸ், அல்லது டிக்கெட் தொகை மட்டும், அதற்கு ஒரு தாளில் கையெழுத்து. அந்தத் தாளில் "முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்" என்று இருந்தால் பயணச் செலவும் இழப்பீடும் அதோடு போச்சு. டிக்கெட் காசு கணக்கில் வந்தால் வரட்டும். "டிக்கெட் தொகை மட்டும் பெற்றேன், மற்ற கோரிக்கைகளை விட்டுக்கொடுக்கவில்லை" என்று அன்றே ஒரு மெயில் போட்டுவிட்டு, அதன் நகலையும் வழக்குக் கட்டில் சேர்த்துவிடுங்கள்.