வெள்ளிமலையிலிருந்து திரிசூலம் வரை

வெள்ளிமலையில் பஸ் ஏறிக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கி, உளுந்தூர்பேட்டையில் ஜி.எஸ்.டி. சாலையைப் பிடித்துவிட்டால் போதும். அதே சாலை சென்னை விமான நிலைய வாசலைத் தொட்டுக்கொண்டு போகிறது. அரபு நாட்டுக்கு முதன்முறை வேலைக்குப் புறப்படுகிறவர் யோசிக்க வேண்டியது கடைசி இருபது கிலோமீட்டரை மட்டும்தான். தெற்கிலிருந்து வரும் அரசுப் பேருந்துகளுக்கு, 2023 டிசம்பர் 30 அன்று திறந்த கிளாம்பாக்கம் பேருந்து முனையமே கடைசி நிறுத்தம். அங்கிருந்து மாநகரப் பேருந்தில் போகலாம். அல்லது தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறித் திரிசூலத்தில் இறங்கலாம். சாலைக்கு மறுபுறம் விமான நிலையம். விமான நிலையத்துக்கு 2016இலேயே வந்த மெட்ரோ நகரத்துப் பக்கம்தான் ஓடுகிறது. அதைக் கிளாம்பாக்கம் வரை நீட்டும் திட்டம் இருக்கிறது; பெட்டியும் பையுமாக வரும் நம் பக்கத்து ஆட்களுக்கு அதைவிட அவசியமான ரயில் வேறில்லை.

உள்நாட்டு முனையத்துக்குக் காமராஜர் பெயர், பன்னாட்டு முனையத்துக்கு அண்ணா பெயர். விமானம் கிளம்ப மூன்று மணி நேரம் இருக்கும்போதே உள்ளே போய்விடுங்கள்.

கவுன்டரில் பெட்டியை எடை போட்டு, கைப்பிடியில் நீளமான காகிதப் பட்டை ஒன்றைச் சுற்றி ஒட்டுவார்கள். போய்ச் சேரும் ஊருக்கு அதில் மூன்றெழுத்துக் குறியீடு, சென்னைக்கு எம்.ஏ.ஏ. பட்டைக்கோடுகளின் கீழே பத்து இலக்க எண். அதில் இரண்டாவது முதல் நான்காவது வரையுள்ள இலக்கங்கள் எந்த விமான நிறுவனம் என்று சொல்லும். கடைசி ஆறும் உங்கள் பெட்டிக்கே உரியவை. உருளும் பெல்ட்டில் பெட்டி நகரும்போது வருடிகள் இந்தக் கோடுகளைப் படித்து, அந்தந்த விமானத்துக்கான தடத்தில் திருப்பிவிடுகின்றன. எக்ஸ்ரேயில் சந்தேகம் வந்தால் பெட்டி தனியே ஒதுங்கும். பவர் பேங்க்கைப் பெட்டிக்குள் வைக்கக் கூடாது, கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். பழைய பயணத்துப் பட்டை ஒட்டியிருந்தால் வீட்டிலேயே கிழித்துவிடுங்கள். வருடி குழம்பிப் பெட்டி வேறு ஊருக்குப் போய்விடலாம். பட்டையின் துண்டுச் சீட்டை உங்களிடம் தருவார்கள். பெட்டி வராமல் போனால் தேடுவதற்கு அந்த எண்தான் பிடி.

இதையெல்லாம்விடப் பெரிய தடை குடியேற்றச் சோதனை மேசையில் இருக்கிறது. பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் பொதுவாக இ.சி.ஆர்., அதாவது குடிபெயர்வுச் சோதனை தேவை, என்று அச்சாகியிருக்கும். அவர்கள் சவூதி, குவைத், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, அரசின் குடிபெயர்வு அனுமதி பெற்றிருக்க வேண்டும். இல்லையென்றால் விசாவும் டிக்கெட்டும் கையில் இருந்தும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஏஜென்ட்டிடம் பணம் கட்டும் முன்பே பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிடுங்கள்.