லிங்க்கில் வராது ரீஃபண்ட்

வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்யும் நாட்களில் ஃபோனில் இப்படி ஒரு எஸ்.எம்.எஸ். வரும்: "உங்களுக்கு ரூ.15,490 ரீஃபண்ட் அனுமதிக்கப்பட்டுள்ளது. பணம் செல்லவிருக்கும் கணக்கு எண் இது. தவறாக இருந்தால் கீழேயுள்ள லிங்க்கில் திருத்தவும்."

அந்தக் கணக்கு எண் நம்முடையதாக இருக்காது. தூண்டிலே அதுதான். நம் பணம் வேறு யாருக்கோ போய்விடுமே என்ற பதற்றத்தில் விரல் லிங்க்கைத் தொட்டுவிடும். திறக்கிற பக்கம் வரித் துறையின் தளத்தை அப்படியே உரித்து வைத்திருக்கும். கணக்கு எண் கேட்கும், கார்டு எண் கேட்கும், கடைசியில் ஓ.டி.பி. கேட்கும். அதைப் போட்ட சற்று நேரத்தில் கணக்கு காலி. இந்தத் தொகையோடு சுற்றிய செய்தி பொய் என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் 2023இல் எச்சரித்தது. தொகையை மாற்றிக்கொண்டு அதே தூண்டில் மறுபடி வரும்.

ரீஃபண்ட் வரும் வழி வேறு. ரிட்டர்ன் தாக்கல் செய்தவர், வரித் துறையின் தளத்தில் முன்கூட்டியே பதிந்து சரிபார்த்த வங்கிக் கணக்குக்கே அது வரும். அதற்குக் கட்டணம் கிடையாது. ஏ.டி.எம். பின், பாஸ்வேர்டு, ஓ.டி.பி. எதையும் ஃபோனிலோ மின்னஞ்சலிலோ துறை கேட்காது.

மிரட்டல் வந்தால்

ஆசைக்கு மசியாதவரை அச்சத்தால் பிடிப்பார்கள். "வரி ஏய்ப்பு வழக்கு. இப்போதே பணம் கட்டாவிட்டால் கைது" என்று வீடியோ அழைப்பில் அதிகாரி வேடத்தில் ஒருவர் உறுமுவார். 'டிஜிட்டல் கைது' என்று நம் சட்டத்தில் எதுவுமே இல்லை. ஃபோனை வைத்துவிடலாம், எந்தத் தவறும் ஆகாது.

காகிதத்திலோ மின்னஞ்சலிலோ நோட்டீஸ் வந்தால் அதைச் சரிபார்க்க நமக்கு ஒரு நல்ல கருவி இருக்கிறது. 2019 அக்டோபர் 1 முதல் வருமான வரித் துறை அனுப்பும் கடிதங்களில் 'டின்' எனப்படும் ஆவண அடையாள எண் இருக்க வேண்டும். 'இன்கம்டாக்ஸ் டாட் கவ் டாட் இன்' என்ற முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போங்கள். முகப்பிலேயே நோட்டீஸைச் சரிபார்க்கும் வசதி இருக்கிறது, லாகின் தேவையில்லை. அங்கே மொபைலுக்கு ஓர் ஓ.டி.பி. வரும். நீங்களே தேடிப்போன தளத்தில் அதைப் போடலாம். ஃபோனில் கேட்பவரிடம் மட்டும் சொல்லக் கூடாது. ஜி.எஸ்.டி. நோட்டீஸிலும் அடையாள எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

நோட்டீஸ் உண்மையானது என்று தெரிந்தால் ஒதுக்கி வைக்காதீர்கள். கெடுவுக்குள் பதில் தருவது உங்கள் கடமை. உங்கள் தரப்பைச் சொல்வது உங்கள் உரிமை.

கூடுதல் ரீஃபண்ட் ஆசை

"பிடித்த வரி முழுக்க வாங்கித் தருகிறேன், எனக்குக் கமிஷன் கொடுத்தால் போதும்" என்று வரும் ஏஜென்ட், கட்டாத வாடகையையும் கொடுக்காத அரசியல் நன்கொடையையும் உங்கள் ரிட்டர்னில் எழுதுவார். 2025 ஜூலை 14 அன்று தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் 150 இடங்களில் வருமான வரித் துறை இப்படிப்பட்டவர்களைத் தேடிச் சோதனை நடத்தியது. ரிட்டர்ன்களை மொத்தமாகத் தாக்கல் செய்வதற்காகத் தற்காலிக மின்னஞ்சல்களைத் தொடங்கிப் பிறகு கைவிட்டிருந்தார்கள். துறை அனுப்பிய நோட்டீஸ்கள் யாரும் திறக்காத பெட்டியில் கிடந்தன.

ஏஜென்ட் கமிஷனோடு போய்விடுவார். ரிட்டர்ன் உங்கள் பெயரில் இருப்பதால் பொறுப்பும் உங்களுடையதே. வரியையும் வட்டியையும் கட்டுவதோடு, தவறான தகவல் தந்ததற்கு அந்த வரியைப்போல் இரு மடங்கு அபராதமும் வரலாம். தளத்தில் உங்கள் மொபைல் எண்ணும் மின்னஞ்சலுமே இருக்கட்டும். ஏற்கெனவே தவறு நடந்திருந்தால், நோட்டீஸ் வரும்வரை காத்திராமல் ஒரு நல்ல ஆடிட்டரிடம் சொல்லித் திருத்திய ரிட்டர்னைத் தாக்கல் செய்யுங்கள்.

கூலித் தொழிலாளிக்குக் கோடி ரூபாய் வரி

மனம் பதறும் மோசடி இதுதான். கடன் வாங்கித் தருவதாகவோ உதவித்தொகை கிடைக்கும் என்றோ சொல்லி, ஏழைகளிடம் பான், ஆதார் ஜெராக்ஸும் ஓ.டி.பி.யும் வாங்கிக்கொள்கிறார்கள். அவர்கள் பெயரில் ஜி.எஸ்.டி. பதிவெடுத்துப் போலி பில் போடுகிறார்கள். ஒருநாள், தினக்கூலியில் வாழும் பெண்ணின் ஓலைக் கதவைத் தட்டிக் கோடிக்கணக்கில் வரி நோட்டீஸ் வருகிறது.

ஜி.எஸ்.டி. தளத்தில் பான் எண்ணை இட்டுத் தேடினால் அந்த எண்ணில் உள்ள பதிவுகள் தெரியும். நீங்கள் எடுக்காத பதிவு இருந்தால் ஜி.எஸ்.டி. அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். வழக்கறிஞர் வைக்க வசதியில்லையா? பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், குறைந்த வருமானம் உள்ளவர்கள் ஆகியோருக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். ஜெராக்ஸ் கொடுக்க நேர்ந்தால் அதன் குறுக்கே 'இன்ன வேலைக்கு மட்டும்' என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள்.

பணம் போய்விட்டால்

உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். திருடிய பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவும். வெளியே எடுப்பதற்குள் முடக்கினால்தான் மீட்க வழி. வங்கிக்கும் அதே வேகத்தில் தெரிவித்துப் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓ.டி.பி.யை நீங்களே கொடுத்திருந்தாலும், புகார் செய்த பிறகு போகும் பணத்துக்கு வங்கியே பொறுப்பு என்கிறது ரிசர்வ் வங்கியின் விதி. எஸ்.எம்.எஸ்.ஸை அழிக்காதீர்கள், அதுதான் சாட்சி.

பணத்தை இழந்த பலர், வீட்டில் திட்டுவார்களே என்று இரண்டு நாள் வாய் திறப்பதில்லை. திருடனுக்கு வேண்டியதும் அந்த இரண்டு நாள்தான். அதனால் இன்றே வீட்டில் உள்ள பெரியவர்களிடம் சொல்லி வையுங்கள்: "லிங்க் வந்தால் தொடாமல் என்னிடம் காட்டுங்கள். தொட்டிருந்தாலும் உடனே சொல்லுங்கள், நான் திட்ட மாட்டேன்."