பருவந்தோறும் ஒரு படம்: இலையைப் படிக்கக் கற்போம்

எமது வளவுகளில் நிற்கும் மரஞ்செடிகளை நாம் நாள்தோறும் பார்க்கின்றோம். ஆயினும் முற்றத்து மாதுளை எந்த மாதத்தில் பூக்கத் தொடங்கியது, கோடியில் நிற்கும் தேசியின் இலை எப்போது மஞ்சளானது, சென்ற மாரியில் முருங்கையில் மயிர்க்கொட்டி ஏறியது எந்தக் கிழமையில் என்று யாராவது கேட்டால், இருபது முப்பது வருடங்களாக அதே வளவில் வாழ்பவர்கள்கூடச் சற்றுத் தயங்கியே பதில் சொல்வார்கள். பார்த்தது மனதில் நிற்பதில்லை. நின்றாலும் ஒரு வருடத்து நினைவு மற்ற வருடத்து நினைவுடன் கலந்துவிடுகின்றது.

இந்த மறதிக்கு நாம் கொடுக்கும் விலை சிறிதல்ல. இலை மஞ்சளானால் பசளை போடுகின்றோம். இலை சுருண்டால் மருந்து அடிக்கின்றோம். இரண்டும் பலிக்காவிட்டால் செடியைப் பிடுங்கி எறிகின்றோம். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. அடுத்து வந்த 2022இன் பொருளாதார நெருக்கடியில் பசளையும் மருந்தும் ஏழைக் குடும்பங்களுக்கு எட்டாத விலைக்கு ஏறின. இந்த நிலையில், ஒரு இலையைத் தவறாக விளங்கிக்கொள்வதால் ஏற்படும் நட்டம் நேரடியாக அடுப்படியைத் தாக்குகின்றது.

இதற்கு ஒரு எளிய துணையாக, வீட்டுத்தோட்டத்துப் பூக்களையும் இலைகளையும் பருவந்தோறும் படம் பிடித்து வைக்கும் பழக்கத்தை எமது கிராமியக் குழுக்களிடையே ஊக்குவிக்கலாம் என்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கைத்தொலைபேசி இன்று பெரும்பாலான வீடுகளில் உண்டு. கலியாண வீட்டையும் பிறந்தநாளையும் பிடிக்கும் அதே கமரா, கத்தரிச் செடியையும் பிடிக்கும்.

படம் பிடிப்பது பொழுதுபோக்கு மட்டுமா?

பூவைப் படம் பிடிப்பது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் உளர். வரலாறு வேறு விதமாகக் கூறுகின்றது. புகைப்படக் கலை தோன்றிய சில ஆண்டுகளுக்குள்ளேயே, 1843இல், இங்கிலாந்தைச் சேர்ந்த அன்னா அற்கின்ஸ் என்ற பெண்மணி கடற்பாசிகளை இரும்பு உப்புப் பூசிய தாளில் பரப்பி, வெயிலில் காட்டி, நீல நிறப் பிரதிகளாகப் பதிவு செய்து நூலாக வெளியிடத் தொடங்கினார். புகைப்படங்கள் கொண்ட முதலாவது நூலாக அது கருதப்படுகின்றது. ஒரு பாசியை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய உதவுவதே அவரது நோக்கமாக இருந்தது.

காலத்தைப் பதிவு செய்வதன் பயனுக்கு யப்பானின் கியோட்டோ நகரம் சான்று. அங்கு செரி மரங்கள் பூத்துக் குலுங்கும் நாளை 9ஆம் நூற்றாண்டிலிருந்தே நாட்குறிப்புகளிலும் அரசவைக் குறிப்புகளிலும் எழுதி வந்துள்ளனர். அக்குறிப்புகள் இருந்தபடியால்தான், 2021 மார்ச் 26ஆம் திகதி முழுமையாக மலர்ந்த பூ, அதுவரையான ஏறத்தாழ 1200 வருடப் பதிவுகளில் மிக முந்தியது என்று அப்போது கூற முடிந்தது. காலநிலை மாறுகின்றது என்று நாம் எல்லோரும் பேசுகின்றோம். எமது வளவு மாமரம் முன்னரைவிட முந்திப் பூக்கின்றதா, பிந்திப் பூக்கின்றதா என்று சொல்ல எம்மிடம் என்ன பதிவு இருக்கின்றது?

மஞ்சளிலும் இரு வகை

ஒரு தோட்டத்தில் நாம் கண்ட உதாரணத்தைக் கூறுவது பொருத்தமாகும். இரண்டு பாத்தி வெண்டி. இரண்டிலும் இலைகள் மஞ்சளாகியிருந்தன. “சுவாமி, ரெண்டும் ஒரே வருத்தம்தானே, ரெண்டுக்கும் ஒரு மருந்தை அடிச்சாப் போச்சு” என்றார் தோட்டத்துக்குரிய தாய். இரு பாத்திகளிலும் ஒவ்வோர் இலையைப் படம் பிடித்து, கைத்தொலைபேசியில் பெரிதாக்கி அருகருகே வைத்துப் பார்த்தோம். ஒன்றில் நரம்புகள் பச்சையாக இருக்க, நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி மஞ்சளாக இருந்தது. மற்றதில் நரம்புகள் வலைபோல் மஞ்சளாகி, இடைப்பகுதி பச்சையாக இருந்தது. “அட, ஒன்றுக்கொன்று நேர்மாறாயெல்லோ கிடக்குது!” என்று அவரே கண்டுபிடித்தார்.

முதலாவது, இளம் இலைகளில் தோன்றும் இரும்புச் சத்துக் குறைபாடு. சுண்ணாம்புத் தன்மை கூடிய மண்ணில் இரும்பு இருந்தும் வேரினால் அதனை எடுக்க முடிவதில்லை. கூட்டெரு இடுவதும், விவசாயப் போதனாசிரியரின் ஆலோசனைப்படி இரும்புச் சத்துக் கரைசலை இலையில் தெளிப்பதும் இதற்குப் பரிகாரம். இரண்டாவது, வெள்ளை ஈக்கள் பரப்பும் வைரசு நோய். இதனைக் குணப்படுத்த மருந்து கிடையாது. நோய்ப்பட்ட செடிகளை ஆரம்பத்திலேயே பிடுங்கி அழித்தால் மற்றவை தப்பும். இரண்டுக்கும் ஒரே மருந்தை அடித்திருந்தால் முதலாவது பாத்தி மாறியிராது, இரண்டாவது பாத்தி பிழைத்திராது, காசும் போயிருக்கும்.

மஞ்சள் எந்த இலையில் தொடங்குகின்றது என்பதும் முக்கியம். தழைச்சத்துக் குறைந்தால் அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் முதலில் வெளிறும். செடி தன் முதிய இலைகளிலிருந்து சத்தை எடுத்து இளந்தளிருக்குக் கொடுத்துவிடுவதே காரணம். பொட்டாசியம் குறைந்தால் முதிர்ந்த இலைகளின் ஓரம் கருகும். இரும்பு செடிக்குள் இலகுவாக இடம்பெயர்வதில்லை. ஆகவே அதன் குறை தளிரில்தான் தெரியும். எனவே ஒரு செடியைப் படம் பிடிக்கும்போது அடி இலை ஒன்று, நுனித் தளிர் ஒன்று, முழுச் செடி ஒன்று என மூன்று படங்களாவது வேண்டும்.

எமது பருவங்கள்

வடபகுதியில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் தொடக்கம் டிசெம்பர் வரையான மூன்று மாதங்களில் பெய்துவிடுகின்றது. எமது தோட்டங்களின் தோற்றம் முழுவதும் இந்த மழையைச் சுற்றியே மாறுகின்றது.

மாரியில் வேலிகளில் முசுட்டையும் குறிஞ்சாவும் தழைக்கின்றன. கார்த்திகைப்பூ பச்சையிலிருந்து மஞ்சளாகி, பின் சிவப்பாக மாறுவதை ஒரே கொடியில் அடுத்தடுத்த நாட்களில் படம் பிடிக்கலாம். முருங்கைத் தண்டில் மயிர்க்கொட்டிகள் கூட்டமாக ஒட்டியிருப்பதும் இக்காலத்தில்தான். அவை முதலில் தோன்றும் கிழமையை இவ்வருடம் பதிந்து வைத்தால், அடுத்த வருடம் மரம் மொட்டையாகுமுன் ஆயத்தமாகலாம். வெள்ளம் தேங்கி வேர் மூச்சுத் திணறுவதாலும் இலை மஞ்சளாகும் என்பதை இக்காலத்தில் மறக்கலாகாது.

தை, மாசியில் பனி கொட்டும். மாமரம் பூக்கும். பூங்கொத்தில் சாம்பல் தூவினாற்போல் வெண்மை தெரிந்தால் அது பூஞ்சண நோயாக இருக்கலாம். கிட்ட நின்று எடுத்த படம் அதைக் காட்டித்தரும். பங்குனி, சித்திரையில் வேம்பு பூக்கும். நிலத்தில் சேலை விரித்து வேப்பம்பூச் சேர்த்து வடகம் போடும் வீடுகள் இன்னும் உண்டு. கொன்றை பொன்னாய்ச் சொரிவதும் இதனை அண்டிய காலமே.

வைகாசிக்குப் பின் சோழகம் வீசும். இலைகளில் புழுதி படியும், ஓரங்கள் காயும். கிணற்று நீரில் உப்பு ஏறும் இடங்களில் இலை நுனி கருகுவதையும், வெறும் வரட்சியினால் இலை வாடுவதையும் வேறுபடுத்துவது கடினம். மாலையில் நீரிறைத்து மறுநாட் காலையில் அதே இலையை மீண்டும் படம் பிடித்தால், வாடியது நிமிர்ந்திருக்கும், கருகியது அப்படியே இருக்கும்.

ஒரு நாளுக்குள்ளேயே மாறும் பூவும் உண்டு. பூவரசம்பூ காலையில் மஞ்சளாய் விரிந்து, வாடும்போது செந்நிறமாகிவிடும். சிறுவர்களுக்கு இப்பழக்கத்தைத் தொடக்கி வைக்க இதைவிட நல்ல பாடம் இல்லை எனலாம்.

செய்முறை

இதற்கென விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. சில ஒழுங்குகள் மட்டும் தேவை.

முதலாவதாக, வளவில் ஐந்து செடிகளைத் தெரிவு செய்க. ஐம்பது வேண்டாம், தொடர முடியாது. நாம் நிற்கும் இடத்தில் ஒரு தடியை நட்டு, ஒவ்வொரு முறையும் அங்கிருந்தே முழுச் செடியையும் பிடித்தல் வேண்டும்.

இரண்டாவதாக, காலை வெயில் ஏறுமுன் எடுப்பது நன்று. நடுப்பகல் வெளிச்சத்தில் இலை பளபளத்து நிறம் அழிந்துபோகும். மாரி நாட்களின் முகில் மூடிய வெளிச்சம் இலைக்கு மிகவும் உகந்தது. சோழகக் காலத்தில் காற்று இலையை ஆட்டும். காற்று வரும் பக்கம் ஒருவர் கிடுகு ஒன்றைப் பிடித்தாற் போதும்.

மூன்றாவதாக, இலையின் அடிப்புறத்தைக் கட்டாயம் எடுக்க வேண்டும். வெள்ளை ஈயும் பேனும் முட்டைகளும் தங்குவது அங்கேதான். 2008இல் பப்பாசியைத் தாக்கும் புதிய மாவுப்பூச்சி ஒன்று இலங்கைக்குள் வந்தபோது, வெண்பஞ்சு போன்ற படிவு இலைகளிலும் காய்களிலும் பரவியது. 2009இல் அதன் இயற்கை எதிரியான சிறு குளவியினம் வெளிநாட்டிலிருந்து தருவிக்கப்பட்டு விடப்பட்ட பின்னரே அது கட்டுப்பட்டது. 2018இல் சோளத்தில் படைப்புழு வந்தது. இவ்வாறான புதிய பீடையை முதலில் சந்திப்பது கமக்காரரின் கண்ணே. முன்னர் எம் தோட்டத்தில் இது இருந்ததில்லை என்று காட்டப் பழைய படம் உதவும்.

நான்காவதாக, ஒரு வெள்ளைத் தாளையும் ஒரு ரூபாய்க் குற்றியையும் இலையருகே வைத்துப் பிடியுங்கள். தாள் வெள்ளையாகத் தெரிந்தால் இலையின் நிறமும் உண்மையாக இருக்கும். குற்றி அளவைக் காட்டும். அழகுபடுத்தும் வசதிகளைப் பாவிக்க வேண்டாம். நோயை மறைக்கும் படம் எமக்கு உதவாது.

ஐந்தாவதாக, திகதியையும், மழையா வெயிலா என்பதையும், என்ன இட்டோம் என்பதையும் ஒரு கொப்பியில் எழுதுக. கைத்தொலைபேசி பழுதடையலாம், தொலையலாம், கொப்பி மிஞ்சும். ஐயம் ஏற்பட்டால் இப்படங்களுடன் கமநல சேவை நிலையத்திலுள்ள விவசாயப் போதனாசிரியரை அணுகலாம். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற ஆலோசனை இலக்கத்தை அழைத்துப் பேசும்போதும், படத்தைப் பார்த்தபடி விபரம் சொல்வது இலகு.

அம்மம்மாவின் பெயர்கள்

இதில் இன்னொரு தேவையும் அடங்கியுள்ளது. போரினால் இடம்பெயர்ந்து, முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் நீண்ட காலம் வாழ்ந்து, பின்னர் சொந்த நிலத்துக்குத் திரும்பிய குடும்பங்கள் எம்மிடையே ஏராளம். அங்கு வளர்ந்த பிள்ளைகளுக்கு வேலியில் படர்வது முடக்கொத்தானா முசுட்டையா என்பது தெரியாது. அவர்கள் அறிய விரும்பவில்லை என்பதல்ல. சொல்லித்தர வளவு இருக்கவில்லை. பெயரும் பயனும் அம்மம்மாவின் வாயில் இருக்கின்றன. கமரா பேர்த்தியின் கையில் இருக்கின்றது. இருவரும் ஒரு பின்னேரம் வேலியோரம் நடந்தால், படத்துக்குப் பெயர் கிடைக்கும், பெயருக்குப் படம் கிடைக்கும். அம்மம்மாமார் எம்மை விட்டுப் போகுமுன் இதைச் செய்தாக வேண்டும்.

ஒரு எச்சரிக்கையையும் குறிப்பிட வேண்டும். பிறர் வளவில் படம் பிடிப்பதற்கு அனுமதி கேளுங்கள். கமரா என்றால் பயப்பட வேண்டியிருந்த வருடங்களை எமது மக்கள் கடந்து வந்துள்ளனர். வீட்டாரின் முகத்தையோ கிணற்றடியையோ சேர்த்துப் பிடிக்காமல் இலையோடு நிறுத்திக்கொள்வதும், எடுத்த படத்தை அவர்களுக்கே முதலில் காட்டுவதும் பண்பாகும்.

பார்க்கும் பணி

ஆண்டவர் இயேசு காட்டு மலர்களைச் சுட்டிக்காட்டிப் போதித்தார். அத்திமரம் தளிர்ப்பதிலிருந்து பருவத்தை அறியும் மக்களின் அனுபவத்தை உவமையாக்கினார். அவரது கேட்போர் இலையைப் படிக்கத் தெரிந்தவர்களாக இருந்தனர். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘லவுதாத்தோ சீ’ சுற்றுமடல், பூமியை எமது பொதுவான இல்லம் என்று கருதிப் பேணும்படி அழைக்கின்றது. அந்த இல்லத்தின் எமது பங்கு, பலருக்கு, இரண்டு பரப்பு வளவும் ஒரு கிணறும்தான். அதை நன்றாகப் பார்ப்பதிலிருந்தே பேணுதல் தொடங்குகின்றது.

மாதர் சங்கங்களும் இளைஞர் மன்றங்களும் மறைக்கல்வி வகுப்புகளும் வரும் மாரிக்கு முன்னரே இப்பணியைத் தொடங்கலாம். வீட்டுக்கு ஐந்து செடி, மாதம் ஒரு தடவை, ஒரு கொப்பி. ஒரு வருடம் முடிந்ததும் குழுவாகக் கூடிப் படங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். அடுத்த வருடம் எந்தப் பாத்திக்கு எரு, எந்தச் செடிக்கு நீர், எதற்கு மருந்தே வேண்டாம் என்பதைத் தீர்மானிக்க அந்தக் கொப்பியே துணை நிற்கும்.