மலையகப் பெண்களின் அரசியலும் வாய்மொழி வரலாறும்

சென்ற ஆண்டு ஒருநாள், எம் பாடசாலையிற் பத்தாந் தரத்து மாணவரிடம், மலையக மக்களின் அரசியலில் ஈடுபட்டவர்களின் பெயர்களை எழுதித் தருமாறு கூறினேன். தாள்களைத் திரட்டிப் பார்த்தபொழுது, கோ. நடேசய்யர், சௌமியமூர்த்தி தொண்டமான், சி. வி. வேலுப்பிள்ளை ஆகியோரின் பெயர்கள் காணப்பட்டன. பெண்ணொருத்தியின் பெயர் ஒரு தாளிலேனும் இல்லை. பின்னர் வேறொரு வினாவை விடுத்தேன். “உங்கள் வீட்டில் வேலைநிறுத்தத்திற் சேர்ந்தவர் யார்? கூட்டத்துக்குப் போனவர் யார்? துரையிடம் நியாயங் கேட்டவர் யார்?” என்றேன். கைகள் பல உயர்ந்தன. “எங்கள் அம்மாயி”, “எங்கள் அப்பாயி” என்னும் விடைகளே மிகுதியாக வந்தன. முதல் வினாவுக்கு விடை தந்தது ஏடு. இரண்டாவது வினாவுக்கு விடை தந்தது வீட்டுப் பேச்சு. இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் பற்றியே இன்று சில சொல்ல விரும்புகின்றேன்.

இவ்விடைவெளி எவ்வாறு உண்டாயிற்று? இலங்கையில் 1931ஆம் ஆண்டு சர்வசன வாக்குரிமை வழங்கப்பட்டது. பெண்கள் முப்பது வயதுக்குப் பின்னரே வாக்களிக்கலாம் என டொனமூர் ஆணைக்குழு முதலிற் கருதியது. ஆயினும் இறுதியில் இருபத்தொரு வயது நிரம்பிய ஆண், பெண் இருபாலாருக்கும் அவ்வுரிமை கிடைத்தது. அவ்வாண்டிலேயே அடலின் மொலமூறெ அம்மையாரும், அடுத்த ஆண்டில் நேசம் சரவணமுத்து அம்மையாரும் அரசாங்க சபையில் அங்கத்துவம் பெற்றனர். தோட்டத்துப் பெண்களுள்ளும் பலர் அக்காலத்தில் வாக்களித்தவர்களே. ஆனால் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் எம்மவருட் பெரும்பாலோரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கிவிட்டன. நாடற்றோர் என நின்றவர்களின் நிலை முற்றாகத் தீர்வதற்கு 1988ஆம் ஆண்டிலும் 2003ஆம் ஆண்டிலும் சட்டங்கள் வேண்டியிருந்தன.

இடாப்பிற் பெயரில்லாதவள் வேட்பாளர் பட்டியலிலும் இராள். சபை நடவடிக்கைக் குறிப்பிலும் இராள். தொழிற்சங்கக் கூட்டக் குறிப்புகளைப் பார்க்கலாமென்றால், அங்கும் கையொப்பமிட்டவர் பெரும்பாலும் ஆண்களாகிய தோட்டத் தலைவர்களே. மாதர் தலைவியர் பேசினார்கள். பேசியதை எழுதிவைத்தோர் அரியர். ஆகவே, எம் பெண்களின் அரசியல் நடந்தது வாயினால். அது தங்கியிருப்பதும் வாய்மொழியிலேயே.

இதற்கு விலக்காக ஓர் அம்மையாரைக் குறிப்பிடலாம். அவர் நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள். நடேசய்யர் 1931ஆம் ஆண்டில் ஹற்றனிலே தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தவர். 1936 முதல் ஹற்றன் தொகுதியின் சார்பில் அரசாங்க சபையில் இருந்தவர். அவர் கூட்டங்களிற் பேசுமுன் மீனாட்சியம்மாள் பாடுவார். எழுத்தறியாத மக்களுக்கு அக்கால அரசியலை விளக்கியவை அப்பாடல்களே. மக்கள் முன்னரே அறிந்த மெட்டுகளில் அவர் பாட்டமைத்தமையால், ஒருமுறை கேட்டவள் மறுநாட் கொழுந்து மலையிற் பாடக்கூடியதாயிருந்தது. துண்டுப் பிரசுரம் எட்டாத லயங்களுக்குப் பாட்டு எட்டியது.

அப்பாடல்கள் “இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை” என்னும் பெயரில் 1940ஆம் ஆண்டிற் புத்தகமாக அச்சேறின. அதனாலேயே இன்று நாம் அவரை அறிகின்றோம். இங்கே ஒன்றைச் சிந்திக்க வேண்டும். அச்சிற் கிடைப்பவை சொற்களே. அவர் பாடிய குரலை நாம் கேட்டறியோம். அன்றியும், அவர் பாட்டைக் கேட்டுத் தம் தோட்டத்திற் பாடிய பெண்கள் எத்தனை பேரோ! அவர்களுக்கு அச்சுக்கூடம் இருக்கவில்லை. ஒருத்தியின் பெயர் நிலைத்தமைக்கும் ஏனையோர் பெயர் மறைந்தமைக்கும் காரணம் திறமையின் வேறுபாடன்று, பதிவின் வேறுபாடே.

போனது போக, இருப்பதையேனும் நாம் காக்கின்றோமா? தோட்டத்தில் ஆணுக்கொரு நாட்சம்பளமும் பெண்ணுக்கு அதனிற் குறைந்த நாட்சம்பளமும் இருந்த வழக்கம், 1984ஆம் ஆண்டின் வேலைநிறுத்தத்தையடுத்து ஒழிந்து, சம சம்பளம் வந்தது. அந்நாளிற் பிரட்டுக்களத்திற் கூடைகளை இறக்கிவைத்துவிட்டு நின்ற இளம்பெண்கள் இன்று அறுபதையும் எழுபதையும் கடந்த பாட்டிமார். வேலையில்லா நாட்களில் அடுப்பு எவ்வாறு எரிந்தது, கடைக்காரர் கடன் தந்தாரா, பிள்ளைகளை யார் பார்த்தார், கணவன் அஞ்சியபொழுது மனைவி சொன்னது யாது? இவற்றை எந்த உடன்படிக்கைப் பத்திரமும் கூறாது. அவர்கள் கூறுவார்கள், ஆனால் இன்னும் எத்தனை ஆண்டுகளுக்கு?

பிற நாட்டார் இதனைக் காலத்தே உணர்ந்தனர். அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் 1948ஆம் ஆண்டிலேயே வாய்மொழி வரலாற்றுக்கென ஓர் அலுவலகம் தோன்றியது. கலிபோர்னியாவிலுள்ள பேர்க்லிப் பல்கலைக்கழகத்தார், பெண்கள் வாக்குரிமைக்காகப் போராடிய மூதாட்டியரை 1970களில் தேடிச்சென்று, அவர்தம் நினைவுகளை ஒலிநாடாவிற் பதிந்தனர். அவர்களுள் ஒருவரான அலிஸ் போல் அம்மையார் 1977ஆம் ஆண்டில் மறைந்தார். சில ஆண்டுகள் தாமதித்திருப்பின் அக்குரல் கிடைத்திராது. அன்று அதற்குப் பெரிய கருவிகள் வேண்டியிருந்தன. இன்று எம் மாணவரின் சட்டைப்பையிலுள்ள கைத்தொலைபேசியே போதும்.

எனினும், கருவி இருந்தால் மட்டும் போதாது. கேட்கும் முறை ஒன்றுண்டு. அனுபவத்திற் கண்ட சிலவற்றைக் கூறுகின்றேன். முதலாவதாக, “எந்த ஆண்டில் நடந்தது?” என்று தொடங்கலாகாது. தோட்டத்துப் பெண் காலத்தை எண்ணால் அளப்பவளல்லள். “எந்தத் துரை இருந்தார்? மூத்த பிள்ளை பிள்ளைக்காம்பராவில் இருந்ததா, வேலைக்குப் பேர் பதிந்துவிட்டதா?” என்று கேட்டால், ஆண்டு தானே வெளிப்படும். இரண்டாவதாக, ஆண்கள் சூழ்ந்திருக்கும் வேளையிற் கேட்பது பயன் தராது. வினா பாட்டியிடம் போகும். விடை தாத்தாவிடமிருந்து வரும். அவர் இஞ்சி நசுக்கும்பொழுதோ, விறகு அடுக்கும்பொழுதோ அருகிருந்து கேட்டல் நன்று. மூன்றாவதாக, அவர் உடன்பாடு இன்றியமையாதது. வெளியிட வேண்டாம் என்று அவர் சொல்லும் பகுதியை வெளியிடாதிருத்தல் நம் கடமை. பேசியவர் பெயர், இடம், நாள், கேட்டவர் பெயர் ஆகியவற்றைப் பதிவின் தொடக்கத்திலேயே சொல்லி, ஒலிப்பதிவை ஈரிடங்களிற் காத்தல் வேண்டும்.

நினைவு பிழைபடுமே என்று கேட்பீர்கள். ஆம், பிழைபடும். எண்பதைக் கடந்த மூதாட்டி ஒருவர், தம் தாயாருக்கு வாக்குரிமை இருந்ததென்றும், அது ஸ்ரீமாவோ அம்மையார் காலத்திற் பறிபோனதென்றும் எம் மாணவியரிடம் கூறினார். சட்டப்படி அது 1949ஆம் ஆண்டின் நிகழ்ச்சி. ஆனால் அவர் ஏன் அவ்வாறு நினைவுகொண்டார்? 1964ஆம் ஆண்டின் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டபொழுது, அவருடைய தமக்கை குடும்பத்தோடு கப்பலேறினார். சட்டம் எழுதப்பட்ட நாளைவிட, இழப்பு வீட்டுக்குள் நுழைந்த நாளே அவருக்கு வரலாறாயிற்று. ஆண்டைத் திருத்த நூல் இருக்கின்றது. அவ்விழப்பின் ஆழத்தை அறிய அவர் பேச்சன்றி வேறு சான்றில்லை. ஆகவே இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும்.

நேயர்களே, இதனை நான் உபதேசமாகக் கூறவில்லை. ஒரு தவற்றின் காரணமாகவே கூறுகின்றேன். என் அம்மாயி தம் தோட்டத்தில் மாதர் தலைவியாயிருந்தவர். கொழுந்து நிறுக்கும்பொழுது தராசிற் குறைத்ததற்காக மலையையே நிறுத்தியவர் என்று ஊரார் சொல்வர். நான் பட்டப்படிப்பு முடித்துத் திரும்பிய காலத்தில் வீட்டில் ஒலிப்பதிவுக் கருவி இருந்தது. அதிற் சினிமாப் பாட்டுகளைப் பதிந்தேன். அம்மாயி பேச்சைத் தொடங்கும்போதெல்லாம், “இந்தக் கதை தெரியும் ஆயா” என்று எழுந்து போனேன். இன்று அக்கதையில் எனக்குத் தெரிந்தது இவ்வொரு வாக்கியமே. வரலாற்றைக் கற்பிக்கும் நான், என் வீட்டு வரலாற்றைக் கேட்கத் தவறினேன்.

இன்று பாதுகாப்பதற்கு இடங்களும் உள்ளன. 2005ஆம் ஆண்டிலிருந்து இயங்கும் நூலக நிறுவனம் ஈழத்து ஏடுகளோடு வாய்மொழிப் பதிவுகளையும் மின்வடிவிற் பேணுகின்றது. கம்பளைக்கு அருகே, பழைய லயன் அறைகளிலேயே தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகம் அமைந்துள்ளது. மேலும், உள்ளூராட்சி மன்றங்களிற் பெண்களுக்கு 25 சதவீத ஒதுக்கீடு 2018ஆம் ஆண்டுத் தேர்தலில் நடைமுறைக்கு வந்தது. 2024ஆம் ஆண்டில் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் பாராளுமன்றம் புகுந்தனர். மலையகத் தமிழ்ப் பெண்கள் அச்சபைக்குத் தெரிவானது அதுவே முதன்முறை. மக்கள் இங்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்தமையை 2023ஆம் ஆண்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்து நினைவுகூர்ந்தபின் கிடைத்த பேறு இது. இவர்தம் பேச்சுகள் ஏட்டில் ஏறும். இவர்களுக்கு முன் நின்றோரின் பேச்சுகளை நாமே ஏற்ற வேண்டும்.

எம் பாடசாலையில் இதுவரை பதினொரு மூதாட்டியரின் குரல்களைப் பதிந்துள்ளோம். அவர்களுள் இருவர் இப்பொழுது இல்லை. ஆகையால் உங்களிடம் நான் வேண்டுவது ஒன்றே. வருகின்ற ஞாயிற்றுக்கிழமை, உங்கள் அம்மாயியோ அப்பாயியோ பழங்கதையைத் தொடங்கினால் எழுந்து போகாதீர்கள். அருகில் அமருங்கள், கருவியை இயக்குங்கள், நாளையும் இடத்தையும் சொல்லுங்கள், பின்னர் அவர் பேசட்டும்.