பிள்ளை குண்டாவது கறியாலா?

ஒரு தலைமுறைக்கு முன்னால், நோஞ்சான் பிள்ளை தேறட்டும் என்று ஆட்டு நெஞ்செலும்பை வாங்கி சூப் வைத்துக் கொடுத்தார்கள். இன்று அதே கறியைத் தட்டில் வைக்கும்போது, 'இவன் இன்னும் பெருத்துவிடுவானோ?' என்று யோசிக்கிறார்கள்.

இந்தச் சந்தேகம் காற்றில் வந்ததல்ல. பிரான்ஸில் ரோலாண்ட்-கஷேரா குழுவினர் குழந்தைகளைப் பத்து மாதம் முதல் எட்டு வயது வரை தொடர்ந்து கவனித்து, 1995-இல் முடிவை வெளியிட்டனர். இரண்டு வயதில் புரதம் அதிகம் சாப்பிட்ட பிள்ளைகள் எட்டு வயதில் கூடுதல் கொழுப்போடு இருந்தனர். வழக்கமாக நாம் குற்றம் சாட்டுவது எண்ணெயையும் இனிப்பையும். இங்கே மாட்டிக்கொண்டது புரதம்.

இதைச் சோதித்துப் பார்த்தவர் மியூனிக் நகரக் குழந்தை மருத்துவர் பெர்த்தோல்ட் கோலெட்ஸ்கோ. 2002 முதல் ஜெர்மனி, பெல்ஜியம், இத்தாலி, போலந்து, ஸ்பெயின் ஆகிய ஐந்து நாடுகளில், புட்டிப்பால் குடிக்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைச் சேர்த்தார். பாதிப் பேருக்குப் புரதம் குறைந்த பால் பவுடர், பாதிப் பேருக்கு அதிகம் உள்ளது. இரண்டிலும் கலோரி ஒன்றே. ஆறு வயதில், அதிகப் புரதம் குடித்தவர்களில் 10 சதவீதம் பேருக்கு உடல் பருமன்; மற்றவர்களில் 4.4 சதவீதம்தான். இத்தனைக்கும் அந்தப் பவுடர் கொடுக்கப்பட்டது முதல் ஒரு வருடம் மட்டுமே. புரதம் மிகுந்தால் ரத்தத்தில் சில அமினோ அமிலங்கள் ஏறுகின்றன; அவை இன்சுலினையும் வளர்ச்சியைத் தூண்டும் ஐஜிஎஃப்-1 என்ற ஹார்மோனையும் கூட்டுகின்றன; உடம்பு அவசரமாக எடை போடுகிறது என்பது கோலெட்ஸ்கோ குழுவினர் தரும் விளக்கம். இப்போது ஐரோப்பியச் சட்டம் பசும்பாலில் செய்த குழந்தைப் பால் பவுடரில் 100 கலோரிக்கு 2.5 கிராம் புரதத்துக்கு மேல் அனுமதிப்பதில்லை.

ஆனால் அந்த ஆய்வில் கொடுத்த புரதம் பசும்பாலிலிருந்து வந்தது. கறிக்கு அதில் பங்கே இல்லை. 'புரதம்' என்று பொதுவாகப் பேசியதில் கறியும் சேர்ந்து குற்றவாளிக் கூண்டில் ஏறிவிட்டது என்பேன். டோர்ட்முண்டில் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்விலும், ஒரு வயதில் சாப்பிட்ட பால் புரதம்தான் ஏழு வயதுப் பருமனோடு தொடர்பு காட்டியது. கறியின் புரதம் காட்டவில்லை. அமெரிக்காவின் கொலராடோவில் 64 குழந்தைகளுக்கு ஐந்தாம் மாதம் முதல் பன்னிரண்டாம் மாதம் வரை ஒரே அளவு புரதம் தந்தார்கள். ஒரு குழுவுக்கு இறைச்சிக் கூழாக, இன்னொன்றுக்குப் பால் பொருட்களாக. கறிக் குழந்தைகள் நீளமாக வளர்ந்தன. பால் குழந்தைகளுக்கு நீளத்துக்குப் பொருந்தாத எடை ஏறியது. சிறிய ஆய்வுதான்; ஆனாலும் ஒதுக்கிவிட முடியாதது.

அதற்காகப் பள்ளி வயதுப் பிள்ளை பர்கர் சாப்பிடலாமா என்றால், அது வேறு கதை. அங்கே கறியோடு மைதா ரொட்டி, பொரித்த உருளைக்கிழங்கு, குளிர்பானம் எல்லாம் சேர்ந்து வருகின்றன. எடை ஏறியதற்குக் கறியை மட்டும் பிரித்துக் குற்றம் சொல்வது கடினம். சாசேஜ் போன்ற பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் அறிவித்தது. எடையைப் பற்றிக் கவலைப்படாத வீட்டிலும் அதைக் குறைக்க இந்தக் காரணமே போதும். எடைதான் கவலை என்றால், கறிக்கடையில் கேட்க வேண்டியது கொழுப்பில்லாத துண்டு. ஒரு கிராம் புரதத்தில் 4 கலோரி, ஒரு கிராம் கொழுப்பில் 9.

கறியே கிடைக்காத இடத்தில் அதைக் கொடுத்தால் என்ன ஆகிறது என்பதற்கு கென்யாவின் எம்பு மாவட்டம் இருக்கிறது. மக்காச்சோளமும் பீன்ஸும் சேர்த்து வேகவைத்த 'கிதேரி'தான் அங்கே அன்றாட உணவு. 1998 முதல் சார்லட் நியூமன் குழுவினர் அங்குள்ள பள்ளிப் பிள்ளைகளில் சிலருக்குக் கிதேரியில் கொத்திய மாட்டிறைச்சி, சிலருக்கு அதோடு பால், சிலருக்கு அதில் கூடுதல் எண்ணெய் என்று பிரித்துக் கொடுத்தனர். உடல் கொழுப்பில் குறிப்பிடும்படி வேறுபாடு வரவில்லை. கறி சாப்பிட்டவர்களுக்குக் கைத்தசை அதிகம் வளர்ந்தது. விளையாட்டு மைதானத்தில் அதிகம் ஓடியாடியதும், மற்றவர்களை முன்நின்று நடத்தியதும் அவர்கள்தான்.